காம்பராவுக்குள் அடங்காத தனிமை

இலங்கையின் தேயிலைத் தோட்ட லயத்தில் ஒருவர் தனியாக இருக்க முடியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அறிக்கைகள் ஓயாமல் அளந்து எழுதிய ஒற்றைக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் இன்னொரு குடும்பத்தின் சுவர். தகரக் கூரைக்கும் இடைச்சுவருக்கும் நடுவே விட்டிருக்கும் சந்து வழியாக இருமலும் சண்டையும் தாலாட்டும் ஒரு காம்பராவிலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டேயிருக்கும். டிக்கோயாவில் நான் பிறந்த லயத்தில் முதல் காம்பராவில் பிள்ளை அழுதால் ஆறாம் காம்பராவிலிருந்து "பால குடுடி அதுக்கு" என்று சத்தம் வரும். அம்மாவுக்கு அழவேண்டும் போலிருந்தால் அடுப்பில் ஈரவிறகை வைப்பார். கேட்பவர்களிடம் புகை என்று சொல்லிவிடலாம் அல்லவா!

அங்கே வளர்ந்த நான் பிறகு ஆசிரியையாகி உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்தேன். இலக்கிய விமர்சனக் கட்டுரைகளில் தனிமை, அந்நியமாதல், அடையாளத் தேடல் என்ற மூன்றும் எப்போதும் கூட்டாகவே வரும். எடுத்துக்காட்டு பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வரும். 1942இல் ஆல்பெர் காம்யு எழுதிய 'அந்நியன்' வெ. ஸ்ரீராமின் தமிழில் எங்கள் கைக்கும் வந்து சேர்ந்தது. அதன் நாயகன் மெர்சோவை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவனுக்கென்று ஓர் அறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமும் இருந்தது. செத்துப்போன அம்மாவுக்காக அவன் அழவில்லை என்பதுதான் வழக்கில் பெரிய குற்றமாயிற்று. அந்த அம்மா எந்த நாட்டுக்காரி, அவளைப் பெற்றவர் எங்கே பிறந்தார், அதற்கு என்ன அத்தாட்சி என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் மலையில் கேட்டார்கள்.

மலையகக் கதைகளில் வரும் மனிதர்களை நெடுங்காலமாகப் படித்தும் படிப்பித்தும் வந்ததில் எனக்குப் பட்டது இது: அவர்களுடைய தனிமை மனதுக்குள் முளைப்பதில்லை. அது தோட்டத்துப் பேரேடான செக்ரோலிலும் குடியுரிமை மனுப் பாரத்திலும் கந்தோர் ஜன்னலிலும் முளைத்து, அங்கிருந்து காம்பராவுக்குள் வருகிறது. எட்டுப் பேர் படுத்திருக்கும் இடத்தில் ஒன்பதாவதாக அது வந்து படுக்கிறது. இந்த மனிதர்கள் எப்படி உருவானார்கள் என்று பார்க்க வேண்டுமானால் புத்தகத்துக்கு முந்தைய காலத்துக்குப் போகவேண்டும்.

டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கோப்பிக்காகக் காடு வெட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில். 1869இல் இலங்கைக் கோப்பியில் இலைநோய் கண்டது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்தான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டிருந்தார். 1884இல் கோச்சி, அதாவது ரயில், ஹட்டனுக்கு வந்தபோது கோப்பி செத்துக்கொண்டிருந்தது, தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. இந்த மாற்றத்தைப் பயிர் மாற்றமாக மட்டும் பாடப்புத்தகம் சொல்லும். கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில் ஆள் இருந்தால் போதும். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்தவர்கள், வழியில் சாகாமல் வந்து சேர்ந்தால், வேலை முடிந்து காசோடு ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலை வருடம் முழுக்கத் துளிர்க்கும். அதற்குப் பெண்கள் வேண்டும், பெண்கள் தங்கவேண்டும், தங்கினால் பிள்ளை பிறக்கும். வந்துபோன கோப்பிக்காரனுக்குத் தான் எந்த ஊர் என்பதில் சந்தேகமே வந்திருக்காது. தங்கிவிட்ட தேயிலைக்காரியின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் அந்தக் கேள்வி வந்தது.

அச்சில் மலைத்தோட்டம் தலைகாட்டியதும் 1869இல்தான். கோப்பித் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்த ஆபிரகாம் ஜோசப் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்று ஒரு பாட்டு நூல் போட்டார். கும்மி தொழிலாளப் பெண்களின் வடிவம். உள்ளே பேசுவதோ உத்தியோகஸ்தரின் வாய், துரைமாரைப் போற்றும் வாய். அதற்குப் பின் சின்னத்துரைமார் வேலை வாங்குமளவுக்குத் தமிழ் பழகுவதற்கென்று கைநூல்கள் வந்தன. அவற்றில் ஒன்றின் பெயரே 'இங்கே வா!' இந்த நூல்களையெல்லாம் தேடியெடுத்து ஆராய்ந்து மு. நித்தியானந்தன் 2014இல் 'கூலித் தமிழ்' என்ற நூலை எழுதினார். அவற்றில் தொழிலாளி முன்னிலையில் மட்டுமே இருக்கிறான். அவனிடம் வா, போ, வெட்டு, நிறுத்து என்று சொல்லலாம். 'நான்' என்று அவன் தொடங்கி ஒரு வாக்கியம் பேசுவதற்கு அங்கே இடமில்லை.

டிக்கோயாவில் அச்சேறிய முதல் தனிமை வெள்ளைக்காரனுடையது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு, பிள்ளைகள் சிரிப்பார்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே வார்லியில் 1878இல் கட்டிய கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. கூட்டிப்போய்க் காட்டுவேன். கல்லறைத் தோட்டத்தில் துரைமாரின் பெயர், பிறந்த இடம், வயது எல்லாம் கல்லில் வெட்டியிருக்கும். கோப்பிக்காலத்துத் துரை பி. டி. மில்லி தம் காட்டு வாழ்க்கையை நினைத்துப் பார்த்து எழுதிய ஆங்கில நூலும் அதே 1878இல்தான் வந்தது. கடல்கடந்து வந்து பங்களாவில் தனியாகக் கிடந்த இளைஞனின் ஏக்கத்தை நான் பொய்யென்று சொல்லமாட்டேன். அவனுக்கு மேசை இருந்தது, விளக்கு இருந்தது, கடிதம் கொண்டுபோகத் தபால்காரன் இருந்தான். எங்கள் ஆட்களைப் புதைத்த இடத்தில் மண்மேடும் குரோட்டன் செடியும்தான். சில வருடங்களில் மேடும் அமுங்கிவிடும்.

தோட்டம் பூட்டிய இடமாகவே இருந்தது. வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடலாம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் (1887–1947) லயங்களைப் பார்க்கப் புடவை வியாபாரி வேடத்தில்தான் உள்ளே போனார். தொழிலாளியைப் பார்க்கப்போனவரே வேறொரு ஆளாக மாறவேண்டியிருந்தது. 1931இல் அவர் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கி ஹட்டனைத் தளமாக்கிக்கொண்டார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் மேடைகளில் பாடினார். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகத்தையும் வெளியிட்டார். கூட்டத்துக்குப் போன எங்கள் அம்மாயிக்கு ஐயர் பேசியதில் ஒன்றும் நினைவில்லை. அந்த அம்மா பாடியது மட்டும் நினைவிருந்தது. மெட்டை மூக்கால் முனகிக் காட்டுவார், வார்த்தை வராது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போகவேண்டும். மலையகத்தில் 'நான்' என்று முதலில் வாய்திறந்தவர்கள் எழுத்தாளர்கள் இல்லை, பெண்கள்தான். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்து நிரையில் பாடிய பாட்டிலும் அது கிடக்கிறது. ஒப்பாரி செத்தவருக்காக மட்டும் பாடுவது என்று நினைக்கவேண்டாம். செத்த வீட்டில் பாயில் உட்கார்ந்து, செத்தவரைக் கூப்பிடும் சாக்கில், ஒரு பெண் தன் கதையைச் சொல்வாள். புருஷன் அடித்தது, கங்காணி திட்டியது, ஊரில் விட்டுவந்த அண்ணன் முகம் மறந்துபோனது எல்லாம் அதில் வரும். அவளைச் சுற்றிப் பத்துப் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாலும், அந்த நேரம் ஒருத்தி பேச மற்றவர்கள் கேட்கிறார்கள். லயத்தில் ஒருத்தி தடையில்லாமல் தன்னைப் பற்றிப் பேச முடிந்த இடம் அது ஒன்றே. சி. வி. வேலுப்பிள்ளை இப்பாட்டுகளைத் தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் தொகுத்து 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று வெளியிட்டார். அதைப் படித்துவிட்டு மலையக நாவல்களுக்கு வந்தால், நாவலில் வரும் பெண்களுக்கு வாய் சின்னதாகிவிட்டது போலத் தோன்றும். என் ஆசிரிய நண்பர்கள் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. இருக்கட்டும்.

வெளியே இருந்து ஒருவர் எட்டிப்பார்த்தார். இலங்கைக்கு வராமலே 1935இல் மணிக்கொடியில் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யை எழுதினார். திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும் மருதிதான் நானறிந்தவரை எங்கள் மலையின் பெயரில் தமிழ்ப் புனைகதையில் நிற்கும் முதல் பெரிய மனுஷி. இரண்டு வருடம் கழித்து முல்க்ராஜ் ஆனந்த் அசாம் தேயிலைத் தோட்டத்தை வைத்து ஆங்கில நாவல் எழுதினார். 1969இல் பி. எச். டேனியல் வால்பாறையை வைத்து எழுதினார். அது 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்து, 2013இல் 'பரதேசி' என்ற படமும் வந்தது. மூன்றிலும் ஊர் என்று ஒன்று பின்னால் இருக்கிறது. கூட்டிவந்தவன் ஏமாற்றிவிட்டான், ஊருக்குப் போகமுடியவில்லை என்பதே துயரம். ஊரிலும் மருதிக்குச் சேரிதான், சாதிதான். அதைப் புதுமைப்பித்தன் மறைக்கவில்லை. ஆனாலும் அவள் எந்த ஊர்க்காரி என்று வாசகருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

எங்கள் எழுத்தாளர்கள் எழுதத் தொடங்கியபோது அந்தத் தெளிவு போயிருந்தது. போனதற்குச் சட்டம் காரணம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். தலவாக்கலைக்கு சி. வி. வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவுக்கு ஜி. ஆர். மோத்தா. மறு வருடமே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததைக் காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது அது. லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்று யார் எழுதியிருப்பார்கள்? 1949இல் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் வந்தது. மணமானவர் 7 வருடம், மணமாகாதவர் 10 வருடம் இங்கே இடைவிடாமல் வாழ்ந்ததை நிறுவி, இரண்டு வருடத்துக்குள் மனுப் போடவேண்டும். அதே வருடம் வாக்குரிமையும் போயிற்று. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனு போட்டார்கள். கடைசியில் குடியுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு.

இடைவிடாமல் என்ற நிபந்தனை லேசானதல்ல. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கினால் கணக்கு அறுந்துவிடும். தாத்தா தன் தாய் செத்ததற்குப் புதுக்கோட்டைப் பக்கம் போய், காணித் தகராறில் மாட்டி, வருடம் தாண்டித்தான் திரும்பினார். மனு தள்ளுபடியாயிற்று. அந்தக் கடிதத்தை அவர் வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டில் மடித்து வைத்திருந்தார். ஆங்கிலக் கடிதம். வாசிக்கத் தெரியாத மனிதர் அதை அடிக்கடி எடுத்து விரித்துப் பார்ப்பார். காம்பராவில் எங்கள் எல்லோரோடும் இருந்துகொண்டே, அந்த நேரம் மட்டும் அவர் எங்களோடு இல்லை என்பது சின்னப்பிள்ளையான எனக்கே தெரியும்.

சி. வி. எழுதிய 'வீடற்றவன்' நாவலின் ராமலிங்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாதான் நினைவுக்கு வருவார், இருவருக்கும் குணத்தில் ஒரு ஒற்றுமையும் இல்லாவிட்டாலும். ராமலிங்கம் சங்கம் கட்டப்போய் வேலை இழப்பவன். தோட்டத்தில் வேலை போனால் பேர் வெட்டுப்படும், பேர் வெட்டுப்பட்டால் காம்பரா போகும். வேறிடத்தில் அவை தனித்தனி விஷயங்கள். வேலையில்லாதவனுக்கு வீடு இருக்கலாம், வீடில்லாதவனுக்கு ஊர் இருக்கலாம், ஊர் இல்லாதவனுக்கு நாடாவது இருக்கலாம். இங்கே செக்ரோலில் ஒரு கோடு இழுத்தால் எல்லாமே ஒன்றாகப் போயிற்று. அரைநாள் வேலைக்கு 'அரைப்பேர்' போடுகிற இடம் இது. ஒரு ஆளுடைய இருப்பே பேரேட்டின் கட்டத்தில்தான் இருந்தது. ராமலிங்கத்தின் அடையாளத் தேடல் என்று பரீட்சைக்குக் கேள்வி கொடுத்தால் பிள்ளைகள் ஆழ்மனம், இருத்தல் என்றெல்லாம் எழுதுவார்கள். அவன் தேடுவது தன் பேரைப் பதிந்துகொள்ள ஒரு தோட்டம் என்று எழுதிய பிள்ளைக்கு நான் கூடுதல் புள்ளி போட்டேன்.

சி. வி.யும் ஒரு ராமலிங்கம்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. 1914இல் பூண்டுலோயாவின் மடக்கும்புறத் தோட்டத்தில் பிறந்தவர், கொழும்பில் படித்தவர், ஆங்கிலத்திலும் எழுதியவர். தொழிலாளரின் வாக்கில் பாராளுமன்றம் போனார். பிறகு அந்தத் தொழிலாளருக்கு வாக்கே இல்லாமற் போயிற்று. 1954இல் வந்த அவருடைய ஆங்கிலக் கவிதை நூலை சக்தீ அ. பாலையா தமிழாக்கினார். தன் சனங்களுக்காக எழுதியவரின் கவிதையை, சனங்கள் வாசிக்க இன்னொருவர் மொழிமாற்ற வேண்டியிருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மலையகத்தின் முதல் எழுத்தாளர் வரிசையே லயத்துக்கும் பங்களாவுக்கும் நடுவில் அகப்பட்டவர்கள்தான்: ஆசிரியர், கணக்கர், சங்கப் பிரதிநிதி, ஸ்டோர் உத்தியோகஸ்தர். லயத்துக்குத் திரும்பினால் "சட்டை போட்டவர் வர்றார்" என்று பேச்சு நிற்கும். மேலே போனால் பின்வாசலில் நிற்கவேண்டும். எனக்கும் அது நடந்தது. ஆசிரியையான முதல் மாதம் பீலிக்கரைக்குத் தண்ணீர் எடுக்கப்போனேன். கூடவே வளர்ந்தவர்கள் வரிசையில் வழிவிட்டு "நீங்க புடிங்க டீச்சர்" என்றார்கள். அன்று குடம் நிறைய வெகுநேரம் எடுத்தது போலிருந்தது.

ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் அறுபதுகளில் இப்படிப்பட்டவர்களின் ஒரு தலைமுறையே உருவாயிற்று. இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் போன்ற ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் மலையகம் என்ற எண்ணத்தை விதைத்தார்கள். 'கதைக் கனிகள்' தொகுதி 1971இல் வந்தது. எழுபதுகளின் கடைசியில் மு. நித்தியானந்தன் 'வைகறை' பதிப்பகம் தொடங்கி மூன்று புத்தகங்களை வரிசையாகப் போட்டார்: 1979இல் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', 1980இல் என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', 1981இல் 'வீடற்றவன்'. மலையகப் புனைகதைக்கு முதுகெலும்பு கொடுத்தவை இவை மூன்றும்தான் என்பேன்.

இராமையாவின் அந்தத் தலைப்புக்கதை கொழுந்தின் நிறையைச் சுற்றி நகர்கிறது. இத்தனை றாத்தல் என்று தராசு சொன்னால் போதாது. ஒரு பெண் தன் கை எடுத்த கொழுந்து தன்னுடையதுதான் என்பதை ஊருக்கு நிலைநாட்ட வேண்டியிருக்கிறது. அவளுடைய மானமே தராசுத் தட்டில் ஏறி நிற்கிறது. கவ்வாத்துக் காட்டிலும் கொழுந்து மலையிலும் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஜோசப்பின் 'மீன்கள்' வேறு மாதிரியானது. ஒற்றைக் காம்பரா, வளர்ந்த பிள்ளைகள், இன்னும் வயதாகிவிடாத பெற்றோர். புருஷன் பெண்சாதிக்கு இருட்டுகூட மறைவாக அமையாத அவலத்தை அந்தக் கதை தொடுகிறது. வகுப்பில் அதைப் படிப்பிக்கத் தயங்கினேன். பிள்ளைகள் எல்லோரும் அதே காம்பராக்களிலிருந்து வந்தவர்கள். ஐரோப்பியக் கதைகளில் தனிமை ஒரு நோய். 'மீன்கள்' கதையில் தனிமை கிடைக்காததே நோய். தனியே இருக்க ஒரு மூலை இருந்திருந்தால் அந்த மனிதன் தன்னிடமிருந்தே இவ்வளவு அந்நியப்பட்டுப் போயிருக்கமாட்டான். தமிழில் இந்த முரணை இவ்வளவு கூர்மையாக எழுதிய கதை வேறு இருந்தால் எனக்கு யாராவது சொல்லட்டும். ஜோசப்புக்கு 2013இல் விஷ்ணுபுரம் விருது கொடுத்தபோதுதான் தமிழ்நாட்டில் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டார்கள். 2022இல் காலமானார்.

பெண்கள் எழுதியது குறைவு. கோகிலம் சுப்பையா 1964இல் 'தூரத்துப் பச்சை'யைக் கொண்டுவந்தார். லயத்துக்கு வெளியே இருந்து, ஆனால் கிட்ட நின்று பார்த்த பெண்ணின் நாவல் அது.

அதே 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்களானார்கள். பெரியம்மாவுக்கு இந்தியா, அம்மாவுக்கு இலங்கை. ஹட்டன் ஸ்டேசனில் ஏற்றி அனுப்பும்போது கோச்சிக்குள்ளிருந்தும் பிளாட்போமிலிருந்தும் ஒப்பாரி எழும். அந்தக் கோச்சிக்குச் சனங்கள் வைத்த பெயரையே மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுதிக்கு வைத்தார்: 'ஒப்பாரிக் கோச்சி'. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒப்பாரி வைத்த காலம் அது. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், அங்கிருந்து மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரியில் திரும்பி வந்தவர்களுக்கென்று 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஒரு பகுதியினர். பெரியம்மா கூடலூர்ப் பக்கம் போனார். கங்காணி இல்லை, துரை இல்லை, மற்றபடி அதே மலை, அதே குளிர், அதே கூடை என்று எழுதினார். அங்கே அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர். இங்கே கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எங்களுக்கு வைத்த பெயர்களை நான் எழுதவேண்டியதில்லை. ஹைலன்ட்ஸ் ஆசிரியர் இர. சிவலிங்கமும் பின்னாளில் நீலகிரிக்குப் போய்த் திரும்பி வந்தவர்களுக்காக உழைத்தார். 1984இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டோடு ஆயிரக்கணக்கானவர்கள் இங்கேயே நின்றுபோனார்கள். 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அவர்கள் இருந்த மண்ணுக்கும் கையிலிருந்த தாளுக்கும் சம்பந்தமில்லை.

1977இலும் 1983இலும் தமிழருக்கெதிரான கலவரம் மலைக்கு ஏறியது. லயங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களை அங்கே பின்னர் போர் பிடித்துக்கொண்டது. அவர்களைப் பற்றி எழுதியது போதாது. தலைநகருக்குப் போனவனைப் பற்றி ஜோசப் எழுதினார். 2010இல் வந்த 'குடைநிழல்' நாவலில் கொழும்புப் பக்கம் குடும்பத்தோடு வாழும் மலையகத்தவன் ஒருவனைப் பொலிஸ் பிடித்துப்போகிறது. காரணமே தெரியாமல் கைதாகும் காஃப்காவின் ஜோசப் கே.யை இங்கே சொல்லாமல் இருக்கமுடியாது. ஒரு வித்தியாசம் உண்டு: கே.யின் குற்றம் என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. குடைநிழல்காரனின் குற்றம் எல்லோருக்கும் தெரியும், அவன் தமிழன். எந்தத் தமிழன் என்று விளக்கப்போனால் விளக்குவதற்கே அவனுக்கு நீண்ட கதை வேண்டும். மலையில் இருந்தபோது இந்தியன் என்றார்கள், வாக்கில்லை என்றார்கள். வாக்கு கிடைத்து, அடையாள அட்டை கிடைத்து, வாடகை வீடும் கிடைத்தபின் வேறொரு சனத்தின் போரில் அவனைச் சேர்த்துவிட்டார்கள். ராமலிங்கத்துக்கு வீடு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்குப் பதிலாக இந்த நாவலைப் படிக்கலாம்.

இப்போது டிக்கோயா லயங்களில் பகலில் போய்ப் பாருங்கள். இளைஞர்கள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், தீபாவளிக்கு வருகிறார்கள். பெண்கள் பலர் மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போயிருக்கிறார்கள். எட்டுப் பேர் நெருக்கிப் படுத்த காம்பராவில் ஒரு கிழவி மட்டும் இருக்கிறாள். கடைசியில் லயத்துக்குள்ளும் ஐரோப்பாவில் உள்ளது போன்ற தனிமை வந்துவிட்டது. இந்தக் கிழவியை நாயகியாக வைத்து இன்னும் ஒரு நாவலும் என் கண்ணில் படவில்லை. எழுதுபவர்கள் இன்னமும் கங்காணியையும் துரையையும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். கங்காணி செத்து எத்தனை காலமாயிற்று!

வெளிநாடு போன பெண்கள் கடிதம் எழுதுவதில்லை. ராத்திரி வேலை முடிந்தபின் கைபேசியில் குரல்பதிவு அனுப்புகிறார்கள். என்னிடம் படித்த பெண் ஒருத்தி குவைத்திலிருந்து தன் தாய்க்கு அனுப்பியதை அந்தத் தாய் என்னிடம் போட்டுக் காட்டியிருக்கிறார். அவளுக்கு அங்கே சமையலறைக்குப் பக்கத்தில் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். கதவைச் சாத்தினால் தூக்கம் வரவில்லை, திறந்தே வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். இடையிடையே பாட்டாகவும் இழுக்கிறாள். ஒப்பாரியின் இழுப்பு அது, கேட்ட உடனே தெரிந்தது. அம்மாயிகள் பாயில் உட்கார்ந்து சொன்னதை இவள் கைபேசியில் சொல்கிறாள். கேட்பதற்குப் பத்துப் பேர் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். இப்படி நூற்றுக்கணக்கான பதிவுகள் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. ஃபோன் பழுதானால், மாற்றினால், நினைவகம் நிறைந்து பேரன் அழித்துவிட்டால் அவை போய்விடும். சி. வி. தோட்டம் தோட்டமாகப் போனது போல் யாராவது போய், அனுமதி கேட்டு, இவற்றைச் சேர்க்கவேண்டும். நான் கேட்ட சிலவற்றை அந்தத் தாய்மாரின் சம்மதத்தோடு, பெயரில்லாமல், ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். குரலை எழுதிவைக்க எனக்குத் தெரியவில்லை.